பாய் வீட்டு மீன் தொட்டியும் என் கண்ணும்

மீனுக்குக் கண் படும் என்று நான் நம்பினேன். ஊரார் கண் அல்ல, என் சொந்தக் கண். ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், நல்லபடியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த நாலு மீன்களுக்குள் அடிதடியை மூட்டிவிடும் சக்தி என் இரண்டு கண்களுக்கும் இருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பினேன். எதற்கெடுத்தாலும் அடுத்தவனைக் கேலி செய்தே காலத்தை ஓட்டியவன் நான். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு இந்த நம்பிக்கை வந்தது.

இது நடந்தது ஏற்காட்டில், இரண்டு வருடங்களுக்கு முன்னால், கார்த்திகை மாத அடைமழையில். நான் இங்கே ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களுக்குப் பேர் போடுவது, யார் வந்தார், யார் வரவில்லை, யாரை எந்தக் காட்டுக்கு அனுப்புவது என்று பார்ப்பது என் வேலை. வீடு டவுனில், கடைத்தெருவுக்குப் பின்னால். பக்கத்து வீடு பாயுடையது. கடைத்தெருவில் காபித்தூள், மிளகு, ஏலக்காய் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பா காலத்தில் சேலத்திலிருந்து மலை ஏறி வந்த குடும்பம். நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்த பெஞ்சிலிருந்தே எனக்கு வயிற்றெரிச்சல் தொடங்கிவிட்டது. ஒரே மழையில் இரண்டு பேரும் நனைவோம். எனக்குத்தான் சளி பிடிக்கும். ஒரே நர்சரியில் ரோஜாச் செடி வாங்கி வைப்போம். அவருடையது பூக்கும், என்னுடையது வேர் அழுகும்.

மீன் விஷயத்தில் முதலில் இறங்கியது நான்தான். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் ஒருவரும் இதை ஞாபகம் வைத்திருக்கவில்லை. நாலடித் தொட்டி வாங்கி, அதில் ஒரு ஃப்ளவர்ஹார்ன் விட்டேன். நெற்றியில் முண்டாசு கட்டியது போலப் பெரிய புடைப்பு, உடம்பெல்லாம் சிவப்பு. பார்க்க எங்கள் பழைய எஸ்டேட் மேனேஜர் மாதிரியே இருக்கும். குணமும் அவரைப் போலத்தான். யார் எதிரே போனாலும் கண்ணாடியை முட்டும்.

நான் தொட்டி வாங்கிய கொஞ்ச நாளில் பாயும் வாங்கினார். ஆறடி. அதில் அவர் விட்டவை நாலு: இரண்டு ஆஸ்கர், ஒரு அரோவனா, ஒரு கத்தி மீன். நாலுமே கொன்று தின்னும் ஜாதி. தன் வாயில் அடங்குகிற எதையும் விழுங்கிவிடும். இந்த நாலும் அந்தத் தொட்டிக்குள் ஒன்றையொன்று தொடாமல், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த குடும்பம் போல அமைதியாகச் சுற்றிச் சுற்றி வரும். அரோவனா மேல்மட்டத்தில் போகும்போது பட்டுப்பாவாடையின் ஜரிகைக் கரை மட்டும் தனியே எழுந்து நடப்பது போல இருக்கும். ஆஸ்கர் இரண்டும் பாயின் கையிலிருந்தே இறாலை வாங்கித் தின்னும். கத்தி மீன் பகலெல்லாம் ஒரு மண் குழாய்க்குள் படுத்திருக்கும். விளக்கை அணைத்தால் வெளியே வரும். டூரிஸ்டுகள்கூடக் கடையில் காபித்தூள் வாங்கிவிட்டு, "மீன் பார்க்கலாமுங்களா?" என்று வீட்டுக்குள் வருவார்கள். என் மீனைப் பார்க்க வந்தவர் மின் கணக்கு எடுக்க வந்தவர் ஒருத்தர்தான். அவரையும் அது முட்ட வந்தது.

எனக்கு மட்டும் ஏன் அப்படி அமையக் கூடாது என்று, சேலத்துக்குப் போய் ஒரு ஆஸ்கர் வாங்கினேன். கடைக்காரர் கேட்டார்.

"ஏனுங்க, ஊட்ல ஏற்கெனவே ஃப்ளவர்ஹார்ன் இருக்குதுங்களா? அப்ப அதுகூட இதை உடாதீங்க. அந்தத் தொட்டி அதோட ஊடுங்க. புதுசா வர்றவனை உடாது."

"எங்க ஊட்டுக்கு வந்தவங்களை நாங்க நல்லாவே கவனிப்போமுங்க," என்று நக்கலாகச் சொல்லிவிட்டு, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஆக்சிஜன் பையை மடியில் வைத்துக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

நல்லாவே கவனித்தது. மறுநாள் காலையில் ஆஸ்கர் மூலையில் மல்லாந்து கிடந்தது. அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை, இன்னொன்று வாங்கினேன். அதுவும் போயிற்று. என் மேனேஜர் மட்டும் நாலடி பங்களாவில் தனியாக உலாவினார்.

பாயிடம் போய், "தண்ணியில என்னத்தக் கலக்கறீங்க? உண்மையைச் சொல்லுங்க," என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எங்க கல்யாணத்துல ஒரே சகன்ல நாலு பேரு உக்காந்து சாப்புடுவோமில்லீங்களா ரைட்டரே? அது மாதிரித்தான். நாலும் சுண்டுவிரல் அளவு இருக்கறப்ப ஒரே நாள்ல உட்டேன். எது பெருசு, எது சின்னதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே பழகிருச்சுங்க. வயிறும் காய உடறதில்ல."

சகன் என்பது நாலைந்து பேர் சேர்ந்து உண்ணும் பெரிய தாம்பாளம். அவர் வீட்டுக் கல்யாணத்தில் நானும் அப்படி உட்கார்ந்து தின்றிருக்கிறேன். அப்போதும் கறித்துண்டு பாயின் பக்கமாகவே கிடந்தது என்று எனக்குத் தோன்றியது. அதை விடுங்கள்.

எனக்கு வயிறு எரிந்தால் வாயில் நகைச்சுவை வரும். டீக்கடையில் உட்கார்ந்து தினமும் இதையே பேசுவேன். "நாலு ரவுடிய ஒரே ஜெயில்ல அடைச்சுட்டு பாய் நிம்மதியாத் தூங்கறாரு. ஒரு நாளைக்கு இருக்குது பாருங்க கச்சேரி. அன்னைக்கு எல்லாத்துக்கும் டீச் செலவு என்னோடதுங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். டீக்கடைக்காரர் மட்டும் ஒரு நாள் பாய்லரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கச்சேரியெல்லாம் வேண்டாமுங்க ரைட்டரே. நீங்க தெனமும் இப்படிப் பாத்துட்டு வந்தீங்கன்னா, உங்க கண்ணு பட்டே அதுங்க செத்துப் போயிருமுங்க."

அன்றைக்கு அதிகமாகச் சிரித்தது நான்தான்.

கார்த்திகையில் ஒரு காலை, பாய் வீட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். ஆம்பூரில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். வீட்டில் எல்லாரும் போகிறார்கள்.

"மீனை நீங்கதான் பாத்துக்கோணும்."

"நானா?" என்றேன். ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி ஓநாயிடம் யாராவது சொன்னால் அது எப்படி விழிக்குமோ அப்படி விழித்தேன்.

"நீங்கதான். இறால் ஃப்ரீசர்ல இருக்குதுங்க. அரோவனாவை மட்டும் கொஞ்சம் கவனமாப் பாத்துக்கோங்க. பயந்துச்சுன்னா எகிறிக் குதிச்சிரும், மூடியைத் தொறந்து வெச்சிராதீங்க. அது போச்சுன்னா என்ற மகளுக்கு என்னால பதில் சொல்ல முடியாதுங்க."

அந்த அரோவனாவைக் குஞ்சாக வாங்கித் தந்தது அவருடைய மகள், முதல் மாதச் சம்பளத்தில். இப்போது கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். வாரம் தவறாமல் வீடியோ காலில் வருவாள். முதலில் மீனைக் காட்டச் சொல்லுவாள், அப்புறம்தான் அப்பாவைப் பார்ப்பாள். அந்தப் பெண் நடக்கப் பழகியதே எங்கள் வீட்டு வாசலில்தான். ஆக, அந்த மீனுக்கு ஏதாவது ஆனால், பாய்க்கு மட்டுமல்ல, அவளுக்கும் என் முகத்தைக் காட்ட முடியாது. நான் ஒன்றும் செய்யவில்லை என்றால் ஊரோ நம்பவே நம்பாது. பொறாமையில் வெந்துகொண்டிருந்தவன் கையில் சாவி இருந்தது, மீன் செத்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

முதல் நாள் எல்லாம் நன்றாகப் போயிற்று. எஸ்டேட்டில் பேர் போட்டுவிட்டு வந்து இங்கேயும் பேர் போட்டேன். ஆஸ்கர் ரெண்டு பேரும் வந்தாச்சு, அரோவனா வந்தாச்சு, கத்தி மீன் குழாயில் ஓய்வு. யாரும் லீவு இல்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மலைப் பாதையில் மரம் சாய்ந்து கரண்ட் போயிற்று. பாய் வீட்டு இன்வெர்ட்டர் காற்று பம்பை ஓட்டியது, ஹீட்டரை ஓட்டவில்லை. ஏற்காட்டுக் குளிரில் எங்களுக்கே பல் தந்தியடிக்கிறது, எங்கோ வெயில் நாட்டிலிருந்து வந்த இந்த மீன்கள் என்ன செய்யும்? தொட்டியில் கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. ஆஸ்கர் இரண்டும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டன. அரோவனா அசையாமல் நின்றது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'பாய் தொட்டியும் என் தொட்டி மாதிரி ஆயிருச்சு' என்று உள்ளே ஒரு குளுகுளுப்பு வந்தது. அடுத்த நொடி பயம் வந்தது. பாய் வீட்டு அடுப்பில் தண்ணீர் காய்ச்சினேன். டிரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் அதைக் கலந்து வெதுவெதுப்பாக்கி, தொட்டியிலிருந்து கொஞ்சம் மொண்டு கொட்டிவிட்டு இதைக் கொஞ்சம் ஊற்றினேன். மறுபடியும் மொண்டேன், மறுபடியும் ஊற்றினேன். பிறகு வீட்டுக்கு ஓடி, பீரோவிலும் கட்டிலிலும் இருந்த கம்பளிகளையெல்லாம் அள்ளினேன்.

"ஏனுங்க, எங்கீங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் என் மனைவி.

"மீனுக்குக் குளுருது."

"அப்ப எனக்கு?"

"நீ ஸ்வெட்டர் போட்டுக்க. அதுங்களுக்குக் கை இல்ல."

"நல்லா இருக்குதுங்க நியாயம். நாளைக்கு அதுங்களுக்குக் குல்லாவும் பின்னச் சொல்லுவீங்க."

ஆறடித் தொட்டியை நாலு பக்கமும் கம்பளியால் சுற்றி, மேலேயும் போர்த்தி, கயிற்றால் கட்டினேன். பார்க்க, ஹாலில் யாரோ பெரிய மனிதர் காய்ச்சலில் படுத்திருப்பது போல இருந்தது. மறுநாள் சாயந்திரம் கரண்ட் வந்தது. ஹீட்டரின் திருகைக் கொஞ்சம் தாராளமாகவே திருப்பி வைத்தேன். குளிரில் கிடந்த பிள்ளைகள், இருக்கட்டும் என்று கம்பளியையும் எடுக்கவில்லை. ஓரத்தைத் தூக்கி இறாலைப் போட்டுவிட்டு மூடிவிடுவேன்.

மழை விட்ட காலையில் கம்பளியை அவிழ்த்தேன். உள்ளே நான் பார்த்தது பாய் வீட்டுத் தொட்டியே அல்ல, என் வீட்டுத் தொட்டி.

அரோவனா ஒரு மூலையில் ஒடுங்கி நின்றது. ஜரிகையில் இரண்டு இடத்தில் செதில் பெயர்ந்திருந்தது. கத்தி மீன் தன் குழாயைப் பறிகொடுத்துவிட்டு, ஃபில்டர் பைப்புக்குப் பின்னால் செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்கர் இரண்டும் தொட்டியின் முக்கால் பாகத்தை வளைத்துக்கொண்டு, அரோவனா ஒரு விரல்கடை நகர்ந்தாலும் பாய்ந்தன. நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனதும் என்னையும் முட்ட வந்தன. என் மேனேஜரின் ஆவி வந்து புகுந்துகொண்டது போல இருந்தது.

டீக்கடைக்காரர் சொன்னது காதில் கேட்டது. உங்க கண்ணு பட்டே. இத்தனை வருடமாக நான் விட்ட பெருமூச்செல்லாம் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கிறது. கண்ணாடி தாங்குகிற வரை தாங்கியது. கம்பளிக்குள் ஊறப்போட்டதும் வேலையைக் காட்டிவிட்டது. இப்படித்தான் என் மூளை ஓடியது. கூடவே ஒரு கெட்ட பெருமையும். நம்ம கண்ணுக்கு இவ்வளவு பவரா?

அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பாய்.

"என்னங்க ரைட்டரே, மீனெல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

"நொம்ப நல்லா இருக்குதுங்க," என்றேன். "நல்லா சுறுசுறுப்பா இருக்குதுங்க."

சுறுசுறுப்பு என்பது பொய்யல்ல.

"நாளன்னைக்குக் காலையில வந்துருவேன். மக போன் பண்ணுனா அரோவனாவைக் காட்டுங்க, என்னா?"

அன்று மாலையே அந்தப் பெண் வீடியோ காலில் வந்தாள். "மாமா, மீனு எங்க?" என்றாள். நான் போனை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "சிக்னல் சரியில்ல கண்ணு, மழை," என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

என் கண்ணால் வந்த வினை என்றால், முதலில் அந்தக் கண்ணை மறைக்க வேண்டும். பீரோவிலிருந்து கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டேன். வெளியே மூடுபனி, வீட்டுக்குள் இருட்டு, நான் கறுப்புக் கண்ணாடியோடு தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாக இறாலை எறிந்தேன். பாதி தொட்டியில் விழுந்தது, பாதி பாயின் சோபாவில். இடையில் ஒரு ஸ்டூலில் மோதிக் கீழே விழுந்தேன். மறுநாள் காலையிலும் இதே வைத்தியம். அரோவனாவுக்கு இன்னும் ஒரு செதில் போனதுதான் மிச்சம்.

அடுத்து எனக்குத் தெரிந்த ஒரே வழி மிளகாய். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள். ஆனால் பயத்துக்கு எந்தக் கோயிலிலும் ஞானஸ்நானம் கிடையாது. பாயின் சமையலறையில் ஒரு பிடி வரமிளகாய், ஒரு பிடி கல்லுப்பு எடுத்தேன். திருஷ்டி கழிக்க மூன்று முறை சுற்ற வேண்டும். தொட்டியோ சுவரோடு ஒட்டி நிற்கிறது. முன்பக்கம் அரைச்சுற்று சுற்றி, மீதி அரைச்சுற்றைச் சுவருக்கு மேலே காற்றில் கையால் வரைந்து காட்டினேன். புரிந்துகொள்ள வேண்டியவர்கள் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு இரும்பு வாணலியைக் காயவைத்து அதில் கொட்டினேன்.

பாய் வீட்டு மிளகாய் அவர் கடைக்கு வருகிற முதல் தரம். அதை நான் யோசிக்கவில்லை.

முதலில் என் மூக்கு எரிந்தது. பிறகு தொண்டை. பிறகு எதிர்வீட்டில் யாரோ தும்முவது கேட்டது. அப்புறம் தெரு முழுக்க ஒரே இருமல். அந்தப் புகையில் எனக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. காற்று பம்ப் இந்த அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. அதாவது இப்போது மீன்களுக்கு மிளகாய்ப் புகை போய்க்கொண்டிருக்கிறது! அலறிக்கொண்டு ஓடி பிளக்கைப் பிடுங்கினேன். அந்த வேகத்தில் தொட்டி விளக்கின் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டேன் போலிருக்கிறது. இருட்டு, புகை, கறுப்புக் கண்ணாடி.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் வந்தவர் டீக்கடைக்காரர். கையில் ஒரு குடம் தண்ணீர். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அவர் பின்னால் அரைத் தெரு.

"என்ன ரைட்டரே, எங்கீங்க தீ?"

"தீ இல்லீங்க," என்று இருமலுக்கு நடுவே சொன்னேன். "கண்ணு."

அவர் வாணலியைப் பார்த்தார். என் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்தார். சிரிக்க ஆரம்பித்தவர், இருமி, மறுபடி சிரித்தார்.

"அட, கண்ணேறு இருந்தா மொளகாய்க்கு நெடியே வராதுங்க ரைட்டரே. இது இந்தப் போடு போடுதுன்னா என்ன அர்த்தம்? உங்க கண்ணுல ஒரு சரக்கும் இல்லைன்னு அர்த்தமுங்க!"

வாஸ்தவம்தான். திருஷ்டி இருந்தால் நெடி வராது, இல்லாவிட்டால் நெடி வரும். சின்ன வயசிலிருந்து கேட்டதுதான். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் குற்றமற்றவன் என்பதற்கு அத்தனை மூக்கும் சாட்சி. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது என்னவென்றால் ஒரு சின்ன அவமானம். இத்தனை வருடம் இப்படி வயிறெரிந்து பார்த்தும் என் கண்ணுக்கு ஒரு மிளகாயின் நெடியைக்கூட அடக்கத் தெம்பில்லையா?

அதற்குள் என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து, ஜன்னல்களையெல்லாம் திறந்தாள். பிளக்குகளை மாட்டினாள். என் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை பூசை, வேலை நாள்ல மொளகாயுங்களா? சாமியார்கிட்ட நானே சொல்றேன், இருங்க."

பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். ஆஸ்கர் அவளை முட்ட வந்தது. அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தத் தட்டைக் கல்லு மேல என்னங்க இது, ஜவ்வரிசி ஒட்டுன மாதிரி?"

குனிந்து பார்த்தேன். அடியில் கிடந்த கருங்கல் பலகையைப் பாத்திரம் துலக்கியது போலச் சுத்தமாக்கி, அதன் மேல் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முத்துகள். ஒரு ஆஸ்கர் அதற்கு மேலே நின்று துடுப்பால் மெதுவாக விசிறிக்கொண்டிருந்தது. இன்னொன்று காவல்.

"முட்டைங்க," என்றாள். "இதுங்க சண்டை போடலீங்க, காவல் காக்குதுங்க. நம்ம பையன் பொறந்தப்ப உங்கக்கா தூக்க வந்தாங்களே, நான் எப்படி இருந்தேன்? அதே மூஞ்சிதானுங்க இது."

எனக்கு அந்த மூஞ்சி நன்றாக ஞாபகம் இருந்தது.

டீக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "புள்ளை பெத்த ஊட்ல மொளகாப் பொகை போட்ட மொத ஆளு நீங்கதானுங்க ரைட்டரே."

அடுத்து என் மனைவி சொன்னபடி வேலை நடந்தது. டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் காய்கறிக் கிரேட் வந்தது. அதன் ஓட்டைப் பக்கத்தை அறுத்து, கழுவி, தொட்டிக்குக் குறுக்கே தடுப்பாக இறக்கினோம். அரோவனாவையும் கத்தி மீனையும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். இறக்கும்போது ஆஸ்கர் என் ஆள்காட்டி விரலைக் கவ்வியது. பெரிய காயம் இல்லை. பல் பட்ட தடம் மட்டும். தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்ததும் அரோவனா கொஞ்ச நேரம் நம்ப முடியாமல் நின்றது; பிறகு மெல்ல மேலே ஏறித் திரும்பியது. அதைப் பார்த்த பிறகுதான் நான் பாயின் சோபாவில் உட்கார்ந்தேன். இறால் மேல்.

பாய் மறுநாள் காலை வந்தார். பஸ்ஸிலிருந்து கால் கீழே வைக்கும் முன்பே டீக்கடையில் கதை முழுவதையும் சொல்லிவிட்டார்கள். நான் வாசலில் சாவியோடு நின்றேன், தண்டனை வாங்க வந்த பையன் மாதிரி.

அவர் உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தார். தடுப்பைப் பார்த்தார். அரோவனாவின் பெயர்ந்த செதிலைப் பார்த்தார். "இது மொளச்சிருமுங்க," என்றார். பிறகு கல்லின் மேல் இருந்த முத்துகளைக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தார். மகளுக்குப் போன் போட்டுக் காட்டினார். அவள் சத்தம் வாசல் வரை கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் பாய், என்ற வயித்தெரிச்சல் ஊருக்கே தெரியும். தெரிஞ்சும் என்கிட்ட எதுக்குச் சாவி குடுத்தீங்க?"

அவர் சாதாரணமாகச் சொன்னார். "தெரிஞ்சுதானுங்க குடுத்தேன். ஊட்டுக்கு வர்றவங்கெல்லாம் 'மீனு நல்லாருக்குது'ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்தவொடனே, 'அரோவனா ஏன் இன்னைக்கு இறாலை உட்டுருச்சு? கத்தி மீனு ஏன் மெலிஞ்சிருக்குது?'ன்னு கேப்பீங்க. இதுங்களை என்னைய விட அதிகமாப் பாத்தது நீங்கதானுங்க. வேற யாரை நம்பி உடறது?"

நான் உள்ளே போய், சோபாவில் ஒட்டியிருந்த இறாலைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அந்த முட்டைகள் பொரியவில்லை. பாதி வெளுத்துப் போயின. மீதியை ஆஸ்கர்களே தின்றுவிட்டன. முதல் தடவை அப்படித்தான் ஆகும் என்றார் பாய். தடுப்பை எடுத்ததும் நாலும் பழையபடி ஒரே சகனில் சாப்பிட ஆரம்பித்தன, ஒன்றுமே நடக்காதது போல. என் வீட்டில் மேனேஜர் இன்னும் தனியாகத்தான் உலாவுகிறார். என் வயிறும் இன்னும் எரிகிறது. பாய் எங்கே வெளியூர் போனாலும் சாவி என்னிடம்தான் வருகிறது. மலையில் மழை பிடித்து கரண்ட் போகும்போதெல்லாம் என் மனைவி தானே கம்பளிகளை எடுத்து வைக்கிறாள். அப்போதெல்லாம் விரலில் அந்தப் பல் தடம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்: யார் கண்ணும் படவில்லை, வயிற்றெரிச்சல் பிடித்த ஒருவன் குளிருமே என்று போர்த்திவிட்டான், அந்தச் சூட்டில் இரண்டு மீன்கள் முட்டை போட்டன, நடந்தது அவ்வளவுதான்.